ஈரப்பதம் ஏழு

காலை பத்து மணிக்கு விலை வரும்.
அதுவரை கோட்டூர்க் கிடங்கின் ஷட்டர்
பாதிதான் தூக்கியிருக்கும்.
குனிந்து உள்ளே வருகிறவர்கள்
முதலில் கேட்பது இதைத்தான்:
"இன்னிக்கு என்னங்க சொல்றாங்க?"

சொல்கிறவர்கள் யாரென்று எனக்கும் தெரியாது.
லண்டனில் ஒரு பலகையாம்,
நியூயார்க்கில் இன்னொன்றாம்.
கானாவில் காய் அழுகினால்
இங்கே தராசு இனிக்கும்.

கிலோ இருநூறு விற்ற வருஷம்
வெள்ளியங்கிரி ரம்பம் பிடித்தார்.
தென்னைக்கு நடுவே எண்ணூறு கொக்கோ.
"அணிலுக்குப் பாதி, எலிக்குப் பாதி,
மிச்சத்துக்கு நான் கூலி குடுக்கோணுமா?"
மூன்று நாளில் தோப்பில் வெயில் விழுந்தது.
வெட்டிய மரம் விறகுக்கும் ஆகவில்லை.
புகைதான் வருகிறது என்று
டீக்கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

பக்கத்துத் தோப்புக் கிட்டுச்சாமி வெட்டவில்லை.
யோசனையெல்லாம் ஒன்றுமில்லை.
ரம்பக்காரன் வருவதாகச் சொன்ன வாரம்
அவருக்கு மூலத்துக்கு ஆபரேஷன்.
குப்புறப் படுத்திருந்தார்.
அதற்குப் பிறகு கிலோ ஆயிரத்தைத் தொட்டது.
தூரத்துப் பார்வை உள்ள மனுசன் என்றார்கள்.
கொஞ்ச நாளில்
அவரும் அதை நம்பத் தொடங்கினார்.

ஆயிரம் விற்றபோது
காய் உடைக்கிற மயிலாத்தாள்
ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாள்.
கத்தி படாமல், கொட்டை காயப்படாமல்
கட்டையால் ஒரே தட்டு, அவள் கை அப்படி.
கொடுத்தார்கள்.
விலை சரிந்த பிறகு
அந்த ஐம்பதைத் திருப்பிக் கேட்க
யாருக்கும் வாய் வரவில்லை.
ஆள் கிடைக்காத ஊர் இது.
இந்த வியாபாரத்தில்
ஏறி இறங்காமல் நிற்பது
நான் பார்த்தவரை அந்த ஐம்பதுதான்.

அதையும் சொல்லக்கூடாது.
இன்னொன்றும் இருக்கிறது.
தீபாவளிக்குக் கம்பெனி
சாக்லேட் பெட்டி அனுப்பும்.
எடை போடாமல் எதையும் தின்ன வராது எனக்கு.
முதல் வருஷம் கட்டி நாற்பது கிராம்.
கொக்கோ ஏறிய வருஷம் முப்பத்தாறு.
அதே உறை, அதே சிரிக்கிற குழந்தை.
இறங்கிய வருஷமும் போட்டுப் பார்த்தேன்.
முப்பத்தாறு.
இளைத்தது இளைத்ததுதான்.

வெள்ளியங்கிரி தோப்பில்
வெட்டிய அடிக்கட்டைகள் சும்மா இருக்கவில்லை.
மாதா மாதம் துளிர் விட்டன.
மாதா மாதம் போய் ஒடித்தார்.
விலை ஆயிரம் என்று கேட்ட அன்று
ஒடிப்பதை நிறுத்தினார்.
நகையை வைத்துச் சொட்டுநீர்க் குழாயும் போட்டார்.
துளிர் மரமாகிக் காய்க்கும்வரை
விலை காத்திருக்குமா?

முதல் மூட்டையை இன்று கொண்டுவந்தார்.
இருபத்திரண்டு கிலோ.
ஆறு நாள் வாழையிலை மூடிப் புளிக்கவைத்தது.
வாசம் நன்றாகவே இருந்தது.
கொட்டையைக் கீறிக் காட்டினேன்,
உள்ளே நல்ல பழுப்பு.
பிறகு மீட்டரை வைத்தேன்.
ஏழு இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்பதரை காட்டியது.

"மூணு நாளா மூடாப்புங்க" என்றார்,
மீட்டரைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.

இந்த ஈரத்தோடு எடுத்தால் கழிவு போட வேண்டும்.
காயவைத்து நாளைக்குக் கொண்டுவந்தால்
நாளைக்குப் பத்து மணிக்கு என்ன வருமோ.
இன்றைக்கு முந்நூற்று எண்பது,
நேற்று நானூற்றுப் பத்து.
எது நட்டம் என்று கேட்டார்.
பதினெட்டு வருஷமாக எடை போடுகிறேன்,
சொல்லத் தெரியவில்லை.

கிடங்கு மாடியில் தார்ப்பாய் விரித்தோம்.
இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
கொட்டையைக் காலால் கிளறுகிறோம்.
மேற்கே ஆழியாற்றுப் பக்கம்
இருட்டிக்கொண்டு வருகிறது.
இங்கே பெய்கிற மழைக்கு
அந்தப் பலகையில் எண் மாறாது.